பேரி ஹாரிஸ்: மேடையில் எடுபடாமல் வாத்தியார் ஆனவரா?

நீங்கள் கேட்டது இதுதான். ஒரு வயதான மனிதர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் மாணவர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பாடம் நடத்துகிறார். யூடியூபில் இப்படிப்பட்ட வீடியோக்களை வரிசையாகப் பார்த்திருக்கிறீர்கள். பெயர் பேரி ஹாரிஸ். இவர் நிஜமாகவே பெரிய ஜாஸ் வித்வானா, இல்லை மேடையில் எடுபடாமல் வாத்தியார் ஆனவரா? கர்நாடக சங்கீதம் கொஞ்சம், கீபோர்டு கொஞ்சம் தெரிந்த உங்களுக்கு அவர் பாடம் உதவுமா?

முதல் கேள்விக்குப் பதில்: எடுபடாமல் போனவர் இல்லை. ஹாரிஸ் என்றால் நம்மூரில் வேறொருவர் ஞாபகம்தான் வரும். ஆனால் பீபாப் (1940களில் உருவான, வேகமும் நுணுக்கமும் கொண்ட ஜாஸ் பாணி) வாசிக்கும் ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் குரலே கொஞ்சம் தாழும். "வாசிக்க முடியாதவன்தான் சொல்லிக்கொடுக்கப் போவான்" என்ற நினைப்போடு அவரைப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். ஊர் உலகத்துக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே, தன் இருபது வயதுகளின் நடுவிலேயே, அவர் வாத்தியார். கடைசி வரை வாசித்தார், கடைசி வரை சொல்லிக்கொடுத்தார்.

1929 டிசம்பர் 15, டெட்ராய்ட். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். நான்கு வயதில் முதல் பாடம் அவரிடம்தான். கொஞ்சம் வளர்ந்ததும் அம்மாவே கேட்டாராம், சர்ச் இசையா ஜாஸா என்று. பையன் ஜாஸ் என்றான். சரி, அதையே வாசி என்று விட்டுவிட்டார்.

டெட்ராய்ட் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கார்த் தொழிற்சாலைச் சம்பளம் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு வீடும் கூடத்தில் ஒரு பியானோவும் வாங்க வழி செய்தது. அரசுப் பள்ளிகளில் இசையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். டாமி ஃப்ளானகன், ரோலண்ட் ஹானா, கென்னி பரெல், பால் சேம்பர்ஸ், ரான் கார்ட்டர், டொனால்ட் பர்ட் என்று ஒரு தலைமுறையே அந்தத் தெருக்களிலிருந்து வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வித்வான்கள் வந்துகொண்டே இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரிஸுக்கு இரண்டு தெய்வங்கள்: பீபாபை உருவாக்கியவர்களில் முக்கியமான சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கரும் பியானோக்காரர் பட் பவலும். பட் பவலின் சோலோக்களை இசைத்தட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு விரலுக்குக் கொண்டுவந்தார். டெட்ராய்டின் மேற்குப் பகுதியில் ப்ளூ பேர்ட் இன் என்று ஒரு இடம். அங்கே அவர் நிரந்தரப் பியானோக்காரராக இருந்தபோது ஊருக்கு வந்த பெரிய தலைகளுடன் எல்லாம் வாசித்தார். பார்க்கர் வந்தபோது அவருடன் மேடையில் உட்காரும் வாய்ப்பும் கிடைத்தது. கடைசி வரை அவர் சொல்லிக்கொடுத்த எல்லாமே அந்த இரண்டு பேரின் வாசிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்ததில் வந்தவைதான்.

அவருடைய வீடு அப்போதே பள்ளிக்கூடம். அக்கம்பக்கத்துப் பையன்கள் பள்ளி விட்டதும் வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லஸ் மெக்ஃபர்சன். அவர் பல பேட்டிகளில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஒருநாள் அவருடைய பள்ளி மதிப்பெண் அட்டை ஹாரிஸ் கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் நடுத்தர மதிப்பெண். நீ சராசரிப் பையன் என்று சொன்ன ஹாரிஸ், சார்லி பார்க்கர் சராசரி ஆள் இல்லை, சராசரியாக இருந்துகொண்டு அவர் இசையை வாசிக்க முடியாது என்றார். பையனுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்ததாக மெக்ஃபர்சன் சொல்வார். இதில் நான் கவனிப்பது, ஸ்கேல் சொல்லிக்கொடுக்கிற மனிதர் மார்க் ஷீட்டையும் பார்த்திருக்கிறார் என்பதை. குருகுலம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெக்ஃபர்சனும் அதே வீட்டில் படித்த ட்ரம்பெட்காரர் லானி ஹில்லியரும் பிற்பாடு புகழ்பெற்ற பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் குழுவில் சேர்ந்தார்கள்.

1956 ஜூனில், டிரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து குழு நடத்திய ட்ரம்பெட்காரர் க்ளிஃபோர்ட் ப்ரவுனும் அந்தக் குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும் கார் விபத்தில் இறந்தார்கள். அந்த வெற்றிடத்தில் மேக்ஸ் ரோச் குழுவில் கொஞ்ச நாள் ஹாரிஸ் வாசித்தார். பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். 1960இல்தான் சாக்ஸஃபோன்காரர் கேனன்பால் ஆடர்லி குழுவோடு நிரந்தரமாக டெட்ராய்டை விட்டுக் கிளம்பினார். அதே ஆண்டு மே மாதம் சான் ஃப்ரான்சிஸ்கோவில் பதிவான "அட் த ஜாஸ் ஒர்க்‌ஷாப்" ஆல்பத்தைக் கேளுங்கள். பேஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் லூயிஸ் ஹேய்ஸ். முப்பது வயது ஆள், எந்த அவசரமும் இல்லாமல், பேசுவது போல வாசிக்கிறார். வாக்கியம் முடிந்ததும் மூச்சு விடுகிறார். வேகமான பாட்டில்கூட அந்த மூச்சு தப்பவில்லை.

ஆனால் அவர் நியூயார்க் வந்து சேர்ந்த நேரம் சரியில்லை. மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" 1959இல் வந்துவிட்டது. ஆர்னெட் கோல்மன் அதே ஆண்டு இறுதியில் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வந்து இறங்கிவிட்டார். எல்லோரும் பீபாபைத் தாண்டி எங்கே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் பீபாபுக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ராக் வந்தது. பத்திரிகைக்காரர்கள் இவரைத் தேடி வரக் காரணம் எதுவுமில்லை.

அதற்காகச் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். யூசெஃப் லத்தீஃபின் "ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்" (1961) ஆல்பத்தில் பியானோ இவர்தான். லீ மார்கனின் "த சைட்வைண்டர்" 1963 டிசம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியாகி, ப்ளூ நோட் கம்பெனியே எதிர்பார்க்காத அளவுக்கு விற்றது. அதில் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி துள்ளித் துள்ளி வரும் பியானோவும் இவருடையதே. நாடு முழுக்க அவர் கைவிரலைக் கேட்டது, பெயரைத்தான் யாரும் கேட்கவில்லை. டெக்ஸ்டர் கார்டனுடனும் சன்னி ஸ்டிட்டுடனும் இவர் வாசித்த இசைத்தட்டுகள் தனி. கோல்மன் ஹாக்கின்ஸ் 1969இல் இறக்கும் வரை, அவருடைய கடைசிக் கால நாலு பேர் குழுவில் இவர் இருந்தார். ஜாஸில் டெனர் சாக்ஸஃபோனுக்கு ஒரு பாஷையையே உண்டாக்கியவர் ஹாக்கின்ஸ். அவர் பக்கத்தில் அத்தனை வருடம் உட்கார்ந்ததை ஹாரிஸ் படிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் வீஹாக்கன் வீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அவர் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இது.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தக் கரையில், மேன்ஹாட்டனைப் பார்த்தபடி ஒரு வீடு. உரிமையாளர் நிக்கா என்கிற பன்னோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டர் சீமாட்டி, ராத்ஸ்சைல்ட் என்ற பெரும் வங்கிக் குடும்பத்துப் பெண். ஜாஸ் கலைஞர்களுக்கு அவர் வீடு எப்போதும் திறந்திருக்கும். பூனைகளுக்கும்தான், நூற்றுக்கும் மேல் வளர்த்தார். ஹாரிஸ் அந்த வீட்டில் குடியிருந்தார். 1970களில், பீபாபின் இன்னொரு பெரிய பியானோக்காரரான தெலோனியஸ் மங்கும் அங்கேயே வந்து தங்கினார். மங்க் கடைசி வருடங்களில் மேடையை விட்டார், பியானோவையும் ஏறக்குறைய விட்டார், பேச்சும் குறைந்துபோயிற்று. 1982 பிப்ரவரியில் இறக்கும் வரை அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் ஹாரிஸ். அவர் சொன்ன கதை ஒன்று: ஒருநாள் மங்க் பியானோவில் உட்கார்ந்து "மை ஐடியல்" என்ற பழைய பாட்டை ஒரு சுற்று வாசித்தார். எழுந்தார். ஹாரிஸ் உட்கார்ந்து ஒரு சுற்று. மறுபடி மங்க். மறுபடி ஹாரிஸ். அதே பாட்டு, மணிக்கணக்கில், சுற்றுக்கு மேல் சுற்று. பேச்சே கிடையாது. ஒலிநாடா ஓடவில்லை, ஓடியிருந்தால் இத்தனை பேர் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 1974இல் கார்னகி ஹாலில் மங்கின் இசைக்கென்று ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. மங்க் வரமாட்டார் என்று ஹாரிஸைப் பியானோவுக்குப் போட்டிருந்தார்கள். நேரம் நெருங்கியபோது மங்க் தானாகவே வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டார். ஹாரிஸ் சந்தோஷமாக இடத்தைக் கொடுத்தார்.

நிக்கா 1988இல் காலமானார். அதற்குப் பிறகும் ஹாரிஸ் அந்த வீட்டிலேயே இருந்தார்.

மங்க் போன அதே 1982இல்தான் ஹாரிஸ் தன் சொந்த இடத்தைத் திறந்தார்: ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர், மேன்ஹாட்டனின் எட்டாவது அவென்யூவில். பகலில் வகுப்பு, ராத்திரி கச்சேரி. மது விற்பனை கிடையாது, அதனால் சின்னப் பிள்ளைகளும் வரலாம். டாப் (காலணியால் தரையில் தாளம் தட்டும்) நடனக்காரர்களும் அங்கே வந்து ஆடினார்கள். ஜாஸ் கிளப் என்றாலே வருமானம் பாட்டிலில்தான் என்ற ஊரில் இப்படி ஒரு இடம் ஐந்து வருடம் ஓடியதே அதிசயம். 1987இல் மூடவேண்டியதாயிற்று. அடுத்து என்ன செய்தார்? வகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சமூகக் கூடத்துக்குப் போய்விட்டார். வாரம் ஒரு நாள் சாயங்காலம் முதல் நள்ளிரவு வரை: முதலில் பியானோக்காரர்கள், பிறகு பாடகர்கள், அப்புறம் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து கற்பனை வாசிப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது. இடைப்பட்ட மாதங்களில் ஹேக், ரோம், ஜப்பான் என்று சுற்றுவார். நீங்கள் பார்த்த பழைய வீடியோக்களில் பல, நெதர்லாந்தின் ஹேக் நகர இசைக்கல்லூரியில் எடுத்தவை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவருடைய பாடத்தை உங்கள் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்றாம் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சி. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களை எடுங்கள். அதில் சதுஸ்ருதி தைவதத்தோடு கூட, சுத்த தைவதத்தையும் சேருங்கள்: ச ரி க ம ப த1 த2 நி. நம் கணக்கில் இது ராகமாகாது, இரண்டு தைவதம் அடுத்தடுத்து வருகிறதே என்று பாட்டு டீச்சர் முறைப்பார். முறைக்கட்டும். இப்போது எட்டு ஸ்வரம் ஆகிவிட்டது. ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். ச-க-ப-த2 ஒரு கூட்டு, இது வீடு. ரி-ம-த1-நி இன்னொரு கூட்டு, இது வெளியூர். கையை அப்படியே அடுத்த ஸ்வரத்துக்கு நகர்த்தினால் வீடு, வெளியூர், வீடு, வெளியூர் என்று ஏணிப்படி மாதிரி மாறி மாறி வரும். வீட்டுக் கூட்டுக்கு சிக்ஸ்த் கார்டு என்று பெயர், வெளியூர்க் கூட்டுக்கு டிமினிஷ்ட் கார்டு. அதனால் இதைத்தான் சிக்ஸ்த் டிமினிஷ்ட் ஸ்கேல் என்றார்.

இதில் என்ன பெரிய விஷயம்? சாதாரணமாக கார்டு என்றால் ஒரு இடத்தில் மூன்று நான்கு கட்டைகளை அமுக்கிக்கொண்டு நிற்பது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். பத்து வருடம் கார்டு புத்தகத்தைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தேன், இடது கை மரக்கட்டையாக இருந்தது. ஹாரிஸுக்கு கார்டு என்பது நிற்கிற பொருள் இல்லை, நடக்கிற பொருள். மெட்டில் ஒரு ஸ்வரம் நகர்ந்தால் கீழே இருக்கும் மூன்றும் கூடவே நகரும். வீட்டுக் கூட்டில் ஒரு ஸ்வரத்தை மட்டும் வெளியூரிலிருந்து கடன் வாங்கி வைத்துவிட்டு, பிறகு அதை வீட்டுக்கு அனுப்பினால் ஒரு சின்ன ஏக்கமும் சமாதானமும் கேட்கும். அவர் வாசிக்கும் மெதுவான பாட்டுகளின் அழகெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. இது உங்களுக்கு உடனே புரியும். ஐந்து கட்டையை ஷட்ஜமாக மாற்றிக்கொண்டு ஹரிகாம்போதி அவரோகணம் போங்கள், ஜாஸ்காரர்கள் ஜி7 என்று சொல்லும் இடம் அது. ஏழு ஸ்வரத்தை ஒரு தட்டுக்கு இரண்டாக வாசித்தால் நான்கு தட்டுக்குள் ஒன்று குறைகிறது. முக்கியமான ஸ்வரங்கள் தட்டுக்கு வெளியே நழுவிவிடும். ஷட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில் காகலி நிஷாதத்தை ஒரு ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள்: ச நி3 நி2 த ப ம க ரி, மறுபடி ச. இப்போது தட்டில் விழுவது ச, நி2, ப, க. அதாவது ஜி7 கார்டின் நான்கு ஸ்வரங்களும் கச்சிதமாகத் தட்டில்! கமாஸ் ராகத்தில் காகலி நிஷாதம் எட்டிப்பார்ப்பது ஞாபகம் வரலாம். அங்கே அது ரக்திக்காக, இங்கே கணக்குக்காக. எந்த ஸ்வரத்தில் தொடங்கினால் எத்தனை அரைப்படி நுழைக்க வேண்டும் என்று ஹாரிஸ் முழு விதித்தொகுப்பே வைத்திருந்தார். பார்க்கரின் வாசிப்பில் அவையெல்லாம் இருக்கின்றன, பார்க்கர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சிருஷ்டிக் கதையும் சொல்வார். பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் சேர்ந்தது ஆதி. அதை ஒன்றுவிட்டு ஒன்று பிரித்தால் ஆறு ஆறாக இரண்டு: ஆண், பெண். அவர்களுக்கு மூன்று குழந்தைகள், நான்கு நான்கு ஸ்வரம் கொண்ட மூன்று டிமினிஷ்ட் கார்டுகள். சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு குழந்தையிலும் அப்பாவின் ஸ்வரம் இரண்டு, அம்மாவின் ஸ்வரம் இரண்டு. ஒரு குழந்தையின் ஏதாவது ஒரு ஸ்வரத்தை ஒரே ஒரு கட்டை கீழே இறக்கினால் ஜி7 போன்ற ஒரு செவன்த் கார்டு பிறக்கும். மேலே சொன்ன ரி-ம-த1-நி கூட்டில் த1ஐ ப ஆக்குங்கள், ஜி7 வந்துவிடும். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் இன்னும் மூன்று கார்டு. நான்கும் பங்காளிகள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரலாம். ஜாஸ் கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் முழுக்க இழுக்கும் விஷயத்தை அவர் பாட்டி கதை மாதிரி சொல்லி முடித்துவிடுவார்.

வகுப்பு நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். தாளில் எதுவும் கொடுப்பதில்லை. ஒரு வாக்கியத்தை வாயால் பாடுவார், எந்த ஸ்வரத்தில் ஏறி எதில் இறங்க வேண்டும் என்று சொல்வார். கூட்டம் அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும். தாளம் தப்பினால் மறுபடி பாடுவார். முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமில்லை, தப்பு என்றால் தப்பு. வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது பழகிய இடம்தான்.

இயற்றியவை பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே இருக்கும் பாட்டின் கார்டு வரிசைமேல் புது மெட்டு கட்டுவது பீபாப்காரர்களின் பழக்கம். இவரும் அந்த வழியில் நிறையக் கட்டினார். சபையோர் கைதட்டித் தாளத்தை நிரப்ப வேண்டிய "நாசிமென்டோ" தனியாகக் கேட்கத் தக்கது. கச்சேரி நடுவில் முன்வரிசையிடம் ஒன்று முதல் எட்டு வரை சில எண்கள் கேட்பார். யாராவது சொன்னதும் அந்த எண்களை ஸ்வரங்களாக எடுத்து அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிவிடுவார். சேர்ந்திசைக் குழு, வயலின் கூட்டம் என்று பெரிய அளவில் எழுதிய வேலைகளும் உண்டு. இருந்தாலும் மங்கின் பாட்டுகள் போல இவருடைய பாட்டுகளை ஊரே வாசிக்கவில்லை. என் கணிப்பில் அவருடைய பெரிய படைப்பு அந்தப் பாடமுறைதான்.

குறையையும் சொல்ல வேண்டும். பார்க்கருக்கும் பட் பவலுக்கும் மங்குக்கும் பிறகு வந்த பலவற்றை அவர் மதிக்கவே இல்லை, அதை மறைக்கவும் இல்லை. நல்ல பாகவதர் ஒருவர் சினிமாப் பாட்டே இசையில்லை என்று சொல்வது போல. அந்த விதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு பீபாப் காலமான 1947லேயே குடியிருக்கும் சீடர்களும் உண்டு. சுத்தமாக வாசிப்பார்கள், சொந்தமாக ஒரு வார்த்தை வராது. இது வாத்தியார் தப்பா, பிள்ளைகள் தப்பா என்று சண்டை போடலாம். மெக்ஃபர்சனின் வாசிப்பைக் கேட்டால் வாத்தியார்மேல் தப்பில்லை என்றே தோன்றுகிறது.

1989இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவருக்கு ஜாஸ் மாஸ்டர் விருது கொடுத்தது. கோவிட் வந்து கூடம் மூடியபோது அவருக்குத் தொண்ணூறு வயது. ஜூமில் வகுப்பைத் தொடர்ந்தார். எங்கெங்கோ இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். 2021 டிசம்பர் 8 அன்று அந்தக் கோவிடின் சிக்கல்களால்தான் காலமானார், 92ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், வீடியோவை ஒரு மாதம் நிறுத்திவிட்டு முதலில் கேளுங்கள். 1960 ஜாஸ் ஒர்க்‌ஷாப் பதிவு, 1969இன் "மேக்னிஃபிசென்ட்", 1976 டோக்கியோ கச்சேரி. மூன்றாவதில் டிரம்ஸ் வாசிக்கும் லீராய் வில்லியம்ஸ் அரை நூற்றாண்டு அவரோடு வாசித்தவர். இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பதைக் கவனியுங்கள். பிறகு கீபோர்டில் அந்த எட்டு ஸ்வர ஏணி. முதல் இரண்டு வாரம் ஒன்றாம் கட்டையில் மட்டும், வலது கையில் நான்கு விரல், ரொம்ப மெதுவாக, மேலே போய்க் கீழே வாருங்கள். விரல் தானாக நடக்க ஆரம்பித்ததும் நான்கு கட்டைக்கு மாற்றுங்கள். அங்கே முதல் நாள் எல்லாம் குழம்பும். குழம்பினால் உட்கார்ந்து ஸ்வரத்தைப் பாடிவிட்டு வாசியுங்கள், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.